கௌஸ்தினென்: பின்லாந்தில் ஒரு சிற்றூரும் அதன் இயல்பும்

பின்லாந்து நாட்டின் மேற்கு எல்லையிலே, பொத்னியா விரிகுடாவின் கிழக்குக் கரையை அடுத்துப் பரந்து கிடக்கும் தாழ்நிலத்தில், பெர்ஹோ என்னும் ஆற்றின் இருமருங்கும் அமைந்துள்ள சிற்றூர் கௌஸ்தினென். அண்மையிலுள்ள நகரம் கொக்கோலா என்னும் துறைமுகம். அதுவும் ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. தலைநகராகிய ஹெல்சிங்கியிலிருந்து வருவோர் நானூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைக் கடந்தே இவ்வூரை அடைதல் வேண்டும். ஊரின் குடித்தொகையோ நாலாயிரத்துக்குச் சிறிதே மிகையானது. பெரும் போர் எதுவும் நிகழ்ந்த இடமுமன்று. அரசர் எவரும் இருந்தாண்ட இடமுமன்று.

இங்ஙனமிருப்பினும், 1968ஆம் ஆண்டிலே தொடங்கிய நாட்டாரிசை விழாவின் பொருட்டு யூலை மாதத்தில் இச்சிற்றூரிலே திரளுவோர் தொகை ஊர்க் குடித்தொகையினும் பன்மடங்கு பெரிது. 2021ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் கௌஸ்தினென் பிடில் வாசிப்பையும் அதனோடு சார்ந்த வழக்கங்களையும் மனித குலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. அதற்கு முந்திய ஆண்டிலே அப்பட்டியலில் இடம்பெற்ற பின்லாந்து வழக்கம் அந்நாட்டார் அனைவர்க்கும் பொதுவான வெந்நீராவிக் குளியலாகும். நாடு முழுவதற்கும் பொதுவான வழக்கத்துக்கு அடுத்தபடியாக ஒரு சிற்றூரின் பிடில் வாசிப்பு வந்து நின்றதென்பது கவனிக்கற்பாலது.

நாட்டுப்புறத்துச் சிற்றூரொன்று தனக்கென ஓர் இயல்பைப் பெறுவது எங்ஙனம்? அது மண்ணின் குணமா? குருதிவழி வருவதா? அன்றி, மனிதர் தாமே முயன்று செய்துகொண்ட ஏற்பாடா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்குக் கௌஸ்தினென் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். ஆதலின், அவ்வூரின் நிலம், ஆட்சி, இசை என்பவற்றை முறையே நோக்குவோம்.

நிலமும் பிழைப்பும்

கௌஸ்தினெனின் நிலம் கடல் ஈந்த நிலமெனலாம். கடைசிப் பனியூழியிலே இவ்வட்டாரம் முழுவதும் மிகப் பெரும் பனிப்பாளத்தின் கீழ் அழுந்திக் கிடந்தது. பனி உருகிய பின்னர், சுமை நீங்கிய நிலம் மெல்ல மெல்ல மேலெழத் தொடங்கிற்று. அவ்வெழுச்சி இன்னும் ஓயவில்லை. பொத்னியா விரிகுடாவின் இப்பகுதிக் கரையிலே நிலம் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் உயர்ந்து வருகின்றது. ஒரு நூற்றாண்டிலே இது முக்கால் மீற்றருக்கு மேலாகின்றது. முன்னைக் கடலடியே பின்னை வயலாயிற்று. ஆற்றோரத்திலே உழவுக்கேற்ற மண் உண்டு. ஆற்றை விட்டகன்றாற் பைன் காடும் சதுப்பு நிலமுமே காணப்படும். ஆகவே மக்கள் ஆற்றை ஒட்டி நெடுக வீடமைத்து வாழலாயினர்.

ஊர் வட அகலக்கோடு 63 பாகைக்கு அப்பாலுள்ளது. நடுக்கோடையிலே பகற்பொழுது இருபது மணி நேரத்துக்கு மேற்பட்டது. மார்கழியிலோ நான்கு மணி நேரத்துக்குச் சிறிதே கூடியது. பயிர்ச் செய்கைக்குரிய காலம் மிகக் குறுகியது. அதனால் வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, புல் முதலியனவும் பால்மாடும் இங்கு வேளாண்மைக்கு ஆதாரமாயின.

வேளாண்மையோடு காடும் பொருள் தந்தது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிலே மரக்கலங்கட்குப் பூசுவதற்கு வேண்டிய கீலை ஐரோப்பிய நாடுகள் பெரிதும் நாடின. பைன் மரத்தைக் குழியிலடுக்கி மேலே மூடி, அனல் மிகாது மெல்ல எரித்தால் கீல் வடியும். பொத்னியாக் கரையின் உட்புற ஊர்களிலே குடியானவர் இவ்வாறு கீல் வடித்துப் பீப்பாய்களில் அடைத்துத் துறைமுகங்கட்குக் கொண்டு சென்றனர். ஆனால் அத்துறைமுகங்களிலிருந்து பிறநாடுகட்கு நேரே கப்பல் விடும் உரிமை நெடுங்காலம் இருந்ததில்லை. பொருளனைத்தும் ஸ்டொக்ஹோம் வழியாகவே செல்லுதல் வேண்டும். பின்லாந்து அக்காலத்தில் சுவீடன் ஆட்சியின் ஒரு பகுதியாயிருந்தது. இக்கட்டுப்பாட்டை எதிர்த்து வாதாடியவர்களுள் ஒருவர், பெர்ஹோ ஆற்றின் கீழ்ப்பகுதியிலே அலவெத்தெலி என்னும் ஊரில் எளிய குருவாகத் தொண்டாற்றிய அந்தேஸ் சிதேனியஸ் (1729-1803) என்பவர். 1765ஆம் ஆண்டிலே கொக்கோலா முதலிய துறைமுகங்கட்கு அவ்வுரிமை கிடைத்தது. மறு ஆண்டிலே சுவீடன் இயற்றிய அச்சுச் சுதந்திரச் சட்டத்திலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. தலைநகரின் தயவை எதிர்பாராது தம் காரியத்தைத் தாமே பேசி முடிக்கும் துணிவு இவ்வாற்றுப்படுகைக்குப் புதியதன்று என்பதை இது காட்டும்.

ஊராட்சியின் அமைப்பு

பின்லாந்தின் சிற்றூரொன்றை விளங்கிக்கொள்ள வேண்டின், 'குந்தா' என அவர்கள் வழங்கும் உள்ளூராட்சி அமைப்பை அறிதல் வேண்டும். குந்தா என்பது வெறும் நிலப்பிரிவன்று. தன்னைத் தானே ஆளும் ஊர்ச் சமூகமாகும். முற்காலத்திலே ஊர்க் காரியங்களும் கோயிற் காரியங்களும் ஒரே சபையின் கீழ் இருந்தன. 1865ஆம் ஆண்டிற் பிறப்பிக்கப்பட்ட கட்டளையொன்று நாட்டுப்புறங்களிலே இவ்விரண்டையும் வேறு பிரித்தது. நாடு விடுதலை பெற்ற 1917ஆம் ஆண்டிலே உள்ளூராட்சித் தேர்தலிலும் சமமான பொது வாக்குரிமை சட்டமாயிற்று. நாட்டின் அரசியல் யாப்பும் குந்தாவின் ஆட்சி அவ்வூர் மக்களின் தன்னாட்சியை அடிப்படையாகக் கொண்டதென விதந்து கூறுகின்றது.

நான்கு ஆண்டுக்கொரு முறை மக்கள் ஊர்ச் சபையைத் தெரிவு செய்வர். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐயாயிரத்துக்கு மேற்படாத குடிகளையுடைய குந்தாவில் சபை உறுப்பினர் பதின்மூவரேனும் இருத்தல் வேண்டும். சபை நிறைவேற்றுக் குழுவொன்றை அமைக்கும்; அன்றாட அலுவல்களை நடாத்துதற்குச் சம்பளம் பெறும் முகாமையாளர் ஒருவரையும் நியமிக்கும். சிறுவர் பராமரிப்பு, அடிப்படைக் கல்வி, நூல்நிலையம், ஊர்த் தெரு, நிலப் பயன்பாட்டுத் திட்டம், பண்பாட்டுப் பணி ஆகியன குந்தாவின் கடமைகள். இவற்றுக்கு வேண்டிய பொருளின் ஒரு பகுதி அரச நன்கொடையாக வரும். மறு பகுதியைக் குந்தா தன் குடிகளின் வருமானத்தின்மீது தானே விதிக்கும் வரியினாற் பெறும். 2023ஆம் ஆண்டு தொடக்கத்திலே மருத்துவப் பணியும் சமூக சேவையும் குந்தாக்களின் கையினின்று நீங்கி, பரந்த வட்டாரங்களைக் கொண்ட புதிய அமைப்புகளிடம் சென்றன. அதனோடு, நூற்றுக்கு 20 என்னும் அளவிலிருந்த சராசரி ஊர் வருமான வரி நூற்றுக்கு 7 என்னும் அளவிற்கு இறங்கிற்று. எனவே, இன்று குந்தாவின் தலையாய பணி யாது எனின், கல்வியும் பண்பாடும் என்றே விடை கூறல் வேண்டும்.

இவ்வமைப்பை ஈண்டு விரித்துரைத்தமைக்குக் காரணமுண்டு. இசை ஒன்றே ஓர் ஊரைக் காத்துவிட மாட்டாது. அவ்விசைக்கு மண்டபமும் பள்ளியும் ஆசிரியரும் வேண்டும் எனத் தீர்மானிக்கும் உரிமையும் அவ்வூருக்கு இருத்தல் வேண்டும்.

மணவீட்டுப் பிடில்

வயலின் எனவும் பிடில் எனவும் வழங்கப்படும் இவ்வாத்தியம் சுவீடன் வழியாகப் பின்லாந்தின் நாட்டுப்புறங்களை அடைந்தது. கௌஸ்தினெனிலே இம்மரபு ஏறக்குறைய 250 ஆண்டுகள் இடையறாது வந்ததென்பர். நாட்டுப்புறத்துப் பிடில் வாசிப்போரைப் 'பெலிமன்னி' என்பது அந்நாட்டு வழக்கு. அவர் தொழிலால் இசைவாணர் அல்லர். குடியானவர், தச்சர், கொல்லர் முதலியோரே. மண நிகழ்ச்சியே அவர்தம் பேரரங்கு. பண்டைக் காலத்திலே மணவிழா பல நாள் நீடிக்கும். விருந்தினரை எதிர்கொள்ளுதல், மணமக்களை முன்னிட்டு ஊர்வலம் போதல், விருந்துக்கு அமர்தல், ஆடல் என ஒவ்வொன்றுக்கும் உரிய இசை உண்டு. ஆகவே பெலிமன்னி என்பவர் இசைப்போர் மட்டுமல்லர். சடங்கின் ஒழுங்கை நினைவில் வைத்திருந்து நடத்துவோருமாவர். மணவிழாவுக்குரிய ஆடல்களின் தொடரைப் 'புர்ப்புரி' என்றழைத்தனர்.

வழங்கும் மெட்டுக்கள் பல நூறு. மூன்று தட்டுக்களையுடைய பொல்ஸ்கா என்னும் ஆடலிசை பழையது. வால்ஸ், பொல்க்கா, சொத்தீசி என்பன பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பரவியவை. எதனை வாசிப்பினும், தட்டு வீழும் இடத்தைச் சற்றே முன்தள்ளி அழுத்தும் வில்லோட்டமும், காலினால் நிலத்தைத் தட்டித் தாளத்தை நிறுத்தும் பழக்கமும் இவ்வூர் வாசிப்பின் அடையாளங்கள். கேட்போர் கால் தானாகவே அசைய வேண்டும் என்பதே இவ்விசையின் நோக்கம். ஆடலுக்கு உதவாத அழகை இம்மரபு பெரிதாக மதிப்பதில்லை.

பிற்காலத்திலே பிடில்கள் பலவற்றோடு கால்மிதி ஆர்மோனியமும் பெரிய தந்தி வாத்தியமாகிய டபிள் பாஸும் சேர்ந்தன. இச்சேர்க்கை கௌஸ்தினென் குழுக்களின் தனி முத்திரையாயிற்று. ஆர்மோனியம் துதிப்பாட்டுக்குத் துணைசெய்யும் வாத்தியமாக அறியப்பட்டது. அது ஆடற் பிடிலுக்குத் துணையாக வந்தமை வியப்புக்குரியதே. ஏனெனில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பின்லாந்தின் பல பகுதிகளில் எழுந்த சமய விழிப்பியக்கங்கள் ஆடலையும் பிடிலையும் பாவத்தின் துணைகளென இகழ்ந்தன. அவ்வியக்கங்கள் வலிபெற்ற ஊர்களிற் பிடிலோசை அடங்கிற்று. கௌஸ்தினென் மக்களும் கோயில் வழிபாட்டில் ஊன்றியவர்களே. எனினும் அவர்கள் தம் மணவீட்டுப் பிடிலைக் கைவிட்டாரல்லர்.

பிடில் ஆடவர் கையிலேயே பெரும்பாலும் இருந்த காலத்தில், இவ்வூரிற் பிறந்த பெண்ணொருத்தி வேறு வாத்தியத்தால் நாடறியப் பெயர் பெற்றாள். அவள் கிரேத்தா ஹாப்பசாலோ (1813-1893). மடியில் வைத்து விரலால் மீட்டும் 'கந்தெலே' என்னும் பழந்தந்தி வாத்தியமே அவளுடையது. பதினொரு பிள்ளைகளைப் பெற்ற ஏழைத் தாயாகிய அவள், குடும்பத்தைக் காத்தற்பொருட்டுக் கந்தெலேயைச் சுமந்து ஊரூராகச் சென்று பாடினாள். 1853ஆம் ஆண்டிலே ஹெல்சிங்கியிற் பாடினாள். 1868ஆம் ஆண்டிலே ஓவியர் ஏக்மன், குடிசையொன்றிலே அவள் கந்தெலே வாசிக்கும் காட்சியைத் தீட்டினார். தமக்கென ஒரு தேசிய வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்த கற்றோர் அவளிடத்தே பழம் பின்லாந்தைக் கண்டனர். அவளுக்கோ அது பிள்ளைகட்கு உணவு தேடும் வழி. நாட்டார் கலையைப் போற்றுவோர் இவ்விரு நோக்கின் வேறுபாட்டை மறத்தலாகாது.

மணவீட்டிலிருந்து மேடைக்கு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இம்மரபு பெரும் இடரை எதிர்கொண்டது. பல நாள் மணவிழா ஒரு நாள் விழாவாகச் சுருங்கிற்று. வானொலியும் இசைத்தட்டும் புதிய ஆடலிசையைக் கொணர்ந்தன. 1950க்குப் பிந்திய இருபதாண்டுகளிலே பின்லாந்தின் நாட்டுப்புற இளைஞர் பெருந்தொகையினராய்த் தென்னாட்டு நகரங்கட்கும் சுவீடனின் தொழிற்சாலைகட்கும் பெயர்ந்தனர். எந்தச் சடங்கு பெலிமன்னியை வேண்டி நின்றதோ, அச்சடங்கே மறைந்த பின்னர் அவருக்கு வேலை யாது?

இவ்விடைக்காலத்திலே மரபைத் தாங்கியவருட் சிறந்தவர் கொன்ஸ்தா யுல்ஹா (1910-1984). பழைய பெலிமன்னியாகிய பிரீத்தி ஒயாலாவின் வழியிலே பயின்ற அவர், 1946ஆம் ஆண்டிலே புர்ப்புரி ஆடலுக்கு இசைக்கும் குழுவொன்றைச் சேர்ந்தமைத்தார். அக்குழு 'புர்ப்புரிப் பெலிமன்னிகள்' எனப் பெயர் பெற்றது. கேட்டுக் கற்ற மெட்டுக்களோடு தாமே புனைந்த மெட்டுக்களையும் அவர் வாசித்தார். ஒயாலா மறைந்த பின், அவர் நினைவாகக் கொன்ஸ்தா அமைத்த மெட்டுக்கு 'மௌனமான பிடில்' என்பது பெயர். ஓர் ஆசிரியரின் மறைவோடு ஒரு மரபே மௌனமாகிவிடுமோ என்னும் அச்சம் அப்பெயரில் தொனிக்கக் காணலாம். அம்மெட்டே பின்னர் நாடெங்கும் பரவியது.

1968ஆம் ஆண்டிலே முதலாவது நாட்டாரிசை விழா நடந்தது. அது நடைபெற்ற இடம் தலைநகருமன்று, மாகாண நகருமன்று. மணவீட்டுப் பிடில் வழங்கிய அந்தச் சிற்றூரே. எதிர்பார்த்ததினும் மிகப் பெருந்திரளாக மக்கள் வந்தனர். நகரத்துக்குப் பெயர்ந்து தம் பிறப்பிடத்தை நினைந்திருந்தோர்க்கு, தாம் விட்டுவந்த வாழ்வு வெட்கப்படத் தக்கதன்று என்பதை அவ்விழா உணர்த்திற்று. கொன்ஸ்தாவும் குழுவினரும் நாட்டார் அனைவர்க்கும் அறிமுகமாயினர்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. மணவீட்டில் ஆடுவோர்க்காக வாசித்த இசை, சீட்டுப் பெற்று அமர்ந்திருப்போர்க்காக வாசிக்கப்படும்போது அதே இசையாகுமா? ஆகாது என்பதே நேர்மையான விடை. மேடை வேகத்தை விரும்பும், ஒத்திகையை வேண்டும், வல்லுநரை முன்னிறுத்தி ஏனையோரைப் பின்னிறுத்தும். விழா நடைபெறும் சில நாளன்றி ஏனைய காலமெல்லாம் ஊர் மௌனமாயிருப்பின், அவ்விழா மரபுக்கு ஆண்டுத் திவசம் போன்றதேயாகும். கௌஸ்தினென் இக்குறையை உணர்ந்து செய்த பரிகாரமே அதன் உண்மையான பெருமை எனலாம். அப்பரிகாரம் கல்வியாகும்.

கேட்டுக் கற்றல்

1974ஆம் ஆண்டிலே நாட்டாரிசை நிலையமொன்று கௌஸ்தினெனில் நிறுவப்பட்டது. மெட்டுக்களைச் சேகரித்தல், பதிவு செய்தல், ஆராய்தல், வெளியிடுதல் ஆகியன அதன் பணிகள். அதன் முதல் நெறியாளராகிய ஹெய்க்கி லைத்தினென் என்பவரே, 1983ஆம் ஆண்டிலே ஹெல்சிங்கியிலுள்ள சிபேலியஸ் இசைக்கழகத்தில் நாட்டாரிசைத் துறை தொடங்கியபோது அதனை முன்னின்று நடத்தினார். சிற்றூரிலே பெற்ற அனுபவம் நாட்டின் உயர்ந்த இசைக் கல்விக்கூடத்துக்குச் சென்ற வழி இது. இசையிற் சிறப்புப் பயிற்சி தரும் உயர்நிலைப் பள்ளியும் இவ்வூரில் அமைந்தது. நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் மாணவர் அதனை நாடி வரலாயினர்.

இவ்வனைத்தினும் ஆசிரியர்களாகிய நாம் கூர்ந்து நோக்கத் தக்கது சிறுவர்க்குப் பிடில் கற்பிக்கும் முறையாகும். தலைமுறை தலைமுறையாகப் பிடில் வாசித்த யார்வெலாக் குடும்பத்திலே பிறந்து, தலைநகரிலே செந்நெறி இசையும் பயின்று, பிறந்த ஊருக்கு மீண்டவர் மௌனோ யார்வெலா. 1980களிலே அவர் தொடங்கிய முறை 'நாப்பாரி' எனப்படும். அதன் கோட்பாடுகள் எளியன. திறமை சோதித்து மாணவரைச் சேர்ப்பதில்லை. விரும்பும் பிள்ளை எவரும் சேரலாம். முதல்நாளிலிருந்தே பிள்ளை தனித்திராது குழுவோடு வாசிக்கும். ஐந்து வயதுப் பிள்ளையும் பதினைந்து வயது மாணவனும் தாயும் தந்தையும் ஒரே மெட்டை ஒருங்கே வாசிப்பர். கற்றுக்குட்டி திறந்த தந்தியை மட்டும் தட்டுத் தவறாது இழுக்கும். சற்றுக் கற்றவர் துணைக்குரலை வாசிப்பார். வல்லவர் மெட்டை வாசிப்பார். எவர்க்கும் அவரவர் தகுதிக்கேற்ற பங்குண்டு; எப்பங்கும் இசைக்கு வேண்டியதே. ஊர் கூடித் தேரிழுக்குமிடத்து வடத்தைத் தொடும் சிறுகையும் இழுப்போர் கணக்கிற் சேர்வது போன்றது இது.

எழுத்திசையை இம்முறை பகைப்பதில்லை. எனினும் காதையே முதலாசிரியனாகக் கொள்கின்றது. கேட்டுக் கற்றவன் மெட்டின் எலும்புக்கூட்டை மட்டுமன்றி, வில் அழுந்தும் இடத்தையும் தட்டுத் தள்ளும் அளவையும் உடன் கற்கின்றான். அவை எழுத்திலடங்கா. மேலும், கேட்டுக் கற்பதற்கு மற்றொரு மனிதர் எதிரே இருத்தல் வேண்டும். தாளைப் பார்த்துத் தனியறையிற் கற்பவனுக்கு ஊர் வேண்டுவதில்லை. கேட்டுக் கற்பவனுக்கு ஊர் இன்றியமையாதது. சிற்றூர் இசையைக் காத்ததென்பது ஒருபுறமிருக்க, இம்முறையினாலே இசையும் சிற்றூரைக் காத்தது என்க.

சிறப்பும் பொதுமையும் ஒன்றையொன்று அழிக்கும் என்பார் உளர். அதாவது, எல்லோரையும் சேர்த்தால் தரம் தாழும் என்பது அவர் கருத்து. கௌஸ்தினென் இதற்கு மறுப்பாக நிற்கின்றது. 1982ஆம் ஆண்டிலே யார்வெலாப் பகுதி இளைஞர் அமைத்த ஜே.பி.பி. என்னும் பிடிற் குழு பிறநாட்டு மேடைகளிலும் புகழ் பெற்றது. இவ்வூரிலே 1945ஆம் ஆண்டிற் பிறந்த யூஹா காங்காஸ் 1972ஆம் ஆண்டிலே கொக்கோலாவில் அமைத்த தந்தி வாத்தியக் குழு, ஐரோப்பாவின் சிறந்த செந்நெறிக் குழுக்களுள் ஒன்றாக மதிக்கப்படலாயிற்று. ஜப்பானிற் பயின்று மீண்ட இசையமைப்பாளர் பேர் ஹென்றிக் நூர்ட்கிரென் (1944-2008) 1973ஆம் ஆண்டு முதல் கௌஸ்தினெனையே தம் இருப்பிடமாக்கிக்கொண்டு தம் படைப்புக்களை இயற்றினார். அகன்ற அடித்தளத்தின் மீதே உயர்ந்த சிகரம் நிற்றல் கூடும்.

இன்றைய இடர்கள்

இவ்வளவும் கூறியபின், ஊர் இடர் நீங்கி நிற்கின்றதென எண்ணிவிடலாகாது. பின்லாந்திலே 2010ஆம் ஆண்டிற் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 61,000. 2023ஆம் ஆண்டிற் பிறந்தோர் ஏறக்குறைய 43,000. நகரங்களினும் நாட்டுப்புறமே இக்குறைவை ஆழமாக உணர்கின்றது. பிள்ளைகள் குறையப் பள்ளிகள் மூடப்படும். பள்ளி மூடிய ஊரிலே இளங்குடும்பங்கள் குடிபுக அஞ்சும். கற்றுக்குட்டிகள் இல்லாதவிடத்துக் கேட்டுக் கற்றல் என்பதும் இல்லை.

சிறிய குந்தாக்கள் தம்முள் இணைதல் மற்றொன்று. 2005ஆம் ஆண்டிலே 432 ஆகவிருந்த குந்தாக்களின் தொகை 2025ஆம் ஆண்டிலே 308 ஆயிற்று. கௌஸ்தினெனின் அயலூராகிய உல்லவா 2009ஆம் ஆண்டு தொடக்கத்திலே கொக்கோலா நகரோடு இணைந்து தனிக் குந்தாவாதலை ஒழிந்தது. இணைப்பினாற் செலவு சுருங்கலாம். பணிகளின் தரமும் சில இடங்களில் உயரலாம். ஆனால் பிடில் ஆசிரியரின் சம்பளமும் இசைப் பள்ளியின் கட்டடமும் பற்றிய தீர்மானம் ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சபையிலே எடுக்கப்படுமாயின், அதனை உயிர்நாடியெனக் கருதுவோர் அச்சபையில் எத்தனைபேர் இருப்பர் என்பதே வினா.

புதிய நம்பிக்கையொன்றும் நிலத்தடியிலிருந்து எழுந்துள்ளது. மின்கல உற்பத்திக்கு வேண்டிய இலிதியம் என்னும் உலோகத்தைத் தரும் ஸ்பொடுமீன் கனிமம் இவ்வட்டாரப் பாறைகளிலே உள்ளமை 1960களிலேயே ஆராயப்பட்டது. மின்சார மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்திலே அதன் மதிப்பு உயர்ந்தது. கௌஸ்தினென், கொக்கோலா எல்லைப்புறங்களிலே சுரங்கத்துக்கும் கனிமச் செறிவாலைக்குமுரிய வேலைகள் 2023ஆம் ஆண்டளவில் முனைப்புற்றன. சுரங்கம் தொழில் தரும், வரியும் தரும், புதிய குடும்பங்களையும் கொணரக்கூடும். ஆனால் சுரங்கத்துக்கு ஓர் எல்லையுண்டு. கனிமம் தீர்ந்தால் அதுவும் தீரும். காட்டின் நீரும் சதுப்பு நிலமும் அதனாற் கேடுறாவண்ணம் காத்தலும் கடமை. அன்று கீல் தந்த செல்வம் மரக்கலங்களோடு மறைந்தது. அச்செல்வம் நிகழ்வித்த மணவிழாக்களில் ஒலித்த மெட்டுக்கள் இன்றும் உள்ளன. இலிதியம் தரும் செல்வத்தை இவ்வூர் எதிற் செலவிடும் என்பதைப் பொறுத்தே அதன் பின்விளைவும் அமையும்.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். கௌஸ்தினெனின் இயல்பு மண்ணின் குணமாயின், அதே மண்ணும் அதே ஆறும் உடைய அயலூர்களெல்லாம் அதே பெயரைப் பெற்றிருத்தல் வேண்டும். குருதியின் குணமாயின், கற்பித்தல் வேண்டாமலே பிள்ளைகள் வாசித்திருப்பர். உண்மை இவ்விரண்டுமன்று. வேறிடங்களிற் பிடில் அடங்கியபோது அதனைக் கைவிடாமை ஒரு தெரிவு. சடங்கு மறைந்தபோது விழாவை அமைத்தமை ஒரு தெரிவு. விழா மட்டும் போதாதெனக் கண்டு நிலையமும் பள்ளியும் கற்பித்தல் முறையும் வகுத்தமை மற்றொரு தெரிவு. ஓர் ஊர் தன் வழிவந்த பொருள்களுள் எதனைத் தன்னுடையதெனக் கொண்டு, எதற்குத் தன் நேரத்தையும் வரிப்பணத்தையும் தலைமுறைதோறும் மீண்டும் மீண்டும் ஈகின்றதோ, அதுவே அவ்வூரின் இயல்பாகின்றது.

அத்தெரிவு ஒருமுறை செய்து முடித்துவிடத் தக்கதன்று. கொன்ஸ்தாவுக்கு ஒயாலா வாசித்துக் காட்டினார். பின்வந்தோர்க்குக் கொன்ஸ்தா வாசித்துக் காட்டினார். இனி ஆண்டுதோறும் கௌஸ்தினெனிலே புதிதாகப் பிடிலை ஏந்தும் பிள்ளைக்கு எதிரே, கேட்கும்படி வாசித்துக் காட்டுதற்கு ஒருவர் இருத்தல் வேண்டும். அவ்வொருவரை ஊர் தொடர்ந்து உண்டாக்கும்வரை, நாலாயிரம் மக்களையுடைய அச்சிற்றூர் சிறியதாகாது.